மூணு கால் வட்டத் தொட்டியில எந்தக் கால் முன்னாடி வரணும்?

இங்க ஒரு தம்பி கேட்ட கேள்வி இதுதான். மூணு கால் வெச்ச வட்டமான போன்சாய் தொட்டி ஒண்ணு புதுசா வாங்கியிருக்காரு, 8 வருஷமா வளக்குற கல் இச்சி மரத்த அதுக்கு மாத்தி கண்காட்சிக்கு கொண்டுபோகணும், தொட்டிய எப்படித் திருப்பி வைக்கிறது, ஒரு கால் முன்னாடியா ரெண்டு கால் முன்னாடியா, மரம் நட்ட நடுவுல நிக்கணுமா கொஞ்சம் தள்ளி நிக்கணுமா. அதுக்கு யாரோ "வட்டம்தானே, எப்படி வெச்சா என்ன"ன்னு பதில் சொல்லியிருக்காங்க. அதப் பாத்துட்டுதான் எழுத உக்காந்தேன். வட்டத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதுங்கிறது சரி, ஆனா அதுக்கு கால் வெச்சிட்டா முன்பக்கம்னு ஒண்ணு வந்துடுது.

நேரா சொல்லிடுறேன். ஒரு கால் முன்னாடி, நட்ட நடுவுல, பாக்குறவங்கள நோக்கி. மத்த ரெண்டும் பின்னால ஆளுக்கொரு பக்கம். பக்கவாட்டுல தொங்குற மரத்துக்கு மட்டும் கணக்கு வேற, அத கடைசியில சொல்றேன், ஏன்னா அத நான் ஒரு தொட்டிய உடைச்சுதான் கத்துக்கிட்டேன்.

முதல்ல வட்டத் தொட்டிக்கு ஏன் பெரும்பாலும் மூணு கால்னு யோசிச்சுப் பாருங்க. முக்காலி எந்தத் தரையில போட்டாலும் ஆடாது, நாற்காலிக்குத்தான் ஒரு காலுக்கடியில பேப்பர் மடிச்சு வைக்க வேண்டியிருக்கு. மூணு கல்லு அடுப்பும் அதனாலதான் மேடுபள்ளத்துல கூட பானைய ஒழுங்கா தாங்குது. களிமண்ணு காயும்போது சுருங்கும், சூளையில இன்னும் சுருங்கும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, அதனால நாலு கால் வெச்சா ஒண்ணு அரை மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டாலே தொட்டி டக்கு டக்குன்னு ஆடும். மூணு கால்ல அந்தப் பிரச்சனையே இல்ல. செவ்வகத் தொட்டிக்கு நாலு மூலை இருக்கு, வேற வழியில்லாம நாலு கால் வைக்கிறாங்க, உரசி உரசி சமப்படுத்துறாங்க. வட்டத்துக்கு அந்தக் கட்டாயம் இல்ல. காலோட வேலைன்னு பாத்தா அடியில காத்து போகணும், தண்ணி தேங்காம வடியணும், அவ்வளவுதான், அதுக்கு மூணே போதும்.

ஒத்தக் கால் முன்னாடிங்கிற வழக்கம் போன்சாய்க்கு மட்டும் உள்ளதும் இல்ல. ஜப்பான்ல வீட்டு புத்தர் பீடத்துல ஊதுவத்திக் கிண்ணம் வைப்பாங்க, மூணு கால் வெச்சது. அதையும் ஒரு கால் நமக்கு நேரா முன்னால வர்ற மாதிரிதான் வைப்பாங்க, கடையில வாங்கும்போதே அப்படி வைக்கச் சொல்லித் தருவாங்க. சீனாவுல பழைய காலத்து வெண்கலப் பாத்திரத்துலயே மூணு கால் உருவம் உண்டு, அந்த உருவம்தான் ஊதுவத்திக் கிண்ணத்துக்கும் தொட்டிக்கும் வந்து சேந்தது. டோக்கியோ உவேனோவுல மெட்ரோபாலிடன் ஆர்ட் மியூசியத்துல பிப்ரவரி மாசம் கொகுஃபு-டென்னு ஒரு கண்காட்சி நடக்கும், 1934ல ஆரம்பிச்சது, போன்சாய்க்காரங்களுக்கு அதுதான் கும்பமேளா. அந்த ஆல்பம் எதையாவது பொறட்டிப் பாத்தீங்கன்னா வட்டத் தொட்டி வர்ற படத்துல பெரும்பாலும் ஒத்தக் கால்தான் முன்னாடி நிக்கும். இதெல்லாம் வழக்கம், சட்டம் இல்ல. ஆனா வழக்கத்துக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியுற ஒரு காரணம் இருக்கு.

அத நீங்களே பாக்கலாம், வெறும் தொட்டிய எடுத்து டைனிங் டேபிள்ல வைங்க, குத்துக்கால் போட்டு உக்காந்து தொட்டி விளிம்பு கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி பாருங்க. ரெண்டு கால முன்னாடி வெச்சீங்கன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இருட்டுப் பொந்து தெரியும், மூணாவது கால் அந்தப் பொந்துக்குள்ள நிழல்ல மறைஞ்சிடும், தொட்டி என்னவோ ரெண்டு கால்ல நிக்குற மாதிரி இருக்கும். மரம் நடுவுல நிக்குதுன்னா அந்தத் தண்டோட கனம் அப்படியே கீழ எறங்கி ஒரு ஓட்டையில போய் விழுது. இப்ப தொட்டியத் திருப்பி ஒரு கால முன்னாடி கொண்டுவாங்க. நடுவுல ஒரு கால் வெளிச்சத்துல தெளிவா, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னால தள்ளி மத்த ரெண்டும் பாதி நிழல்ல. மூணும் தெரியும். தண்டுலேர்ந்து மண்ணு, மண்ணுலேர்ந்து தொட்டி வயிறு, அங்கேர்ந்து காலு, காலுலேர்ந்து பலகைன்னு கண்ணு தடங்கல் இல்லாம எறங்கும். இதுல வேடிக்கை என்னன்னா இந்த ரெண்டுல எப்படி வெச்சாலும் அந்த ரெண்டு பக்கக் கால்களுக்கு நடுவுல உள்ள அகலம் மாறவே மாறாது, கணக்குப் போட்டா ஒண்ணுதான், ஆனா ஒண்ணு உறுதியா நிக்குற மாதிரியும் இன்னொண்ணு அந்தரத்துல நிக்குற மாதிரியும் தெரியுது.

மேக வடிவத்துல செதுக்கின காலா இருந்தா இது இன்னும் முக்கியம், ஏன்னா அந்த மாதிரி தொட்டியில குயவர் தன் வேலைப்பாட்ட காட்டுறதே காலுலதான். அத ஒரு பக்கமா கோணலா திருப்பி வெச்சா சட்டை பட்டன் வரிசை கோணிக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கும். சாதாரண வெட்டுக் கால்னா கொஞ்சம் கோணினாலும் உறுத்தாது.

சரி, இப்ப முக்கியமான விஷயம், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். தொட்டிய எப்படித் திருப்பணும்னு கண்காட்சி அன்னிக்கி யோசிக்க முடியாது, நடுற அன்னிக்கே முடிவாயிடும். மரத்துக்கு ஒரு முன்பக்கம் இருக்கு, தொட்டிக்கு ஒரு முன்பக்கம் இருக்கு, ரெண்டும் ஒரே கோட்டுல வரணும். நட்டு கம்பி கட்டி மண்ணு போட்டு முடிச்சிட்டீங்கன்னா ரெண்டும் ஒட்டிக்கிச்சு, அப்புறம் தொட்டியத் திருப்பினா மரமும் சேந்து திரும்பும். நான் ஒரு தடவ ஒரு சவுக்க மாத்தி நட்டேன், நல்ல ஒல்லியா உயரமா வளைஞ்ச மரம், மூணு மணி நேர வேலை, வேரெல்லாம் சீப்பு போட்டு வாரி, குச்சியால மண்ண குத்திக் குத்தி எறக்கி, மேல பாசி எல்லாம் ஒட்டி, தண்ணி ஊத்தி, ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்து ஆசையா பாத்தா முன்னாடி ஆறு மணி இடத்துல வர வேண்டிய கால் கடிகாரத்துல அஞ்சு மணி இருக்குற இடத்துல நிக்குது. நடும்போது தொட்டி ஒரு ட்ரேயில உக்காந்திருந்துச்சு, ட்ரே விளிம்பு மறைச்சதுல காலே கண்ணுல படல. ரெண்டு வருஷம் அப்படியேதான் இருந்துச்சு, அடுத்து வேர் வெட்டுற வரைக்கும். வீட்டுக்கு வர்றவங்க யாரும் கவனிக்கல, ஆனா எனக்கு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தும்போது அந்தக் காலு மட்டும்தான் தெரிஞ்சுது.

அதனால இப்ப என்ன பண்றேன்னா, நடுறதுக்கு முன்னாடி தொட்டிய கவுத்துப் போட்டு எந்தக் கால் சுத்தமா இருக்கு, மெருகு நல்லா ஏறியிருக்குன்னு பாத்து அத முன்காலா வெச்சுக்கிறேன். கவுத்துப் போட்டிருக்கும்போதே அந்தக் காலுக்கு நேரா விளிம்புல சாக்பீஸால ஒரு கோடு, எதிர்ப்பக்கம் ரெண்டு கால்களுக்கு நடுவுல இன்னொரு கோடு. நிமித்தி வெச்சு ரெண்டு கோட்டுக்கும் குறுக்கால ஒரு நூல இழுத்துப் பிடிச்சா அதுதான் தொட்டியோட நடுக்கோடு. சாக்பீஸ் தண்ணி பட்டா போயிடும், அதனால மேல ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பும் ஒட்டிடுங்க. மரத்த பழைய தொட்டியிலேர்ந்து எடுக்குறதுக்கு முன்னாடியே அதோட முன்பக்கம் எதுன்னு பாத்து, அந்தப் பக்கம் மண்ணுல ஒரு ஐஸ்கிரீம் குச்சி குத்திடுங்க. வேர சுத்தம் பண்ணும்போது குச்சி விழுந்துடும், அதுக்குள்ள தண்டுல தளர்வா ஒரு நூல் கட்டி முடிச்ச அந்தப் பக்கம் கொண்டுவந்துடுங்க. நடும்போது முடிச்சும் டேப்பும் நேருக்கு நேர் வந்தா போதும். இன்னொண்ணு, மரத்த கட்டுற கம்பி அடி ஓட்டை வழியா வரும், அந்தக் கம்பி காலுக்கும் பலகைக்கும் நடுவுல மாட்டிக்காம பாருங்க, அது ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலும் தொட்டி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும்.

மரத்தோட முன்பக்கத்த எப்படித் தெரிஞ்சிக்கிறதுன்னு தனியா ஒரு நாள் எழுதணும், பெரிய சப்ஜெக்ட். சுருக்கமா, அடிவேர் எந்தப் பக்கம் நல்லா விரிஞ்சு தெரியுது, தண்டோட வளைவு எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா படம் மாதிரி தெளிவா இருக்கு, உச்சி லேசா நம்ம பக்கம் குனிஞ்சு வணக்கம் சொல்ற மாதிரி இருக்கா, கண்ண குத்துற மாதிரி கிளை நேரா முன்னாடி நீட்டிக்கிட்டு இல்லாம இருக்கா, இந்த நாலையும் பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

நடுவுலயா தள்ளியாங்கிற கேள்விக்கு வரேன். ஓவல், செவ்வகத் தொட்டின்னா மரத்த நடுவுலேர்ந்து ஒரு பக்கமா தள்ளி நடுவாங்க, அங்க நீளம் இருக்கு, காலி இடம் மரத்துக்கு மூச்சு விட இடம் குடுக்குது. வட்டத்துல அந்த மாதிரி பண்ணினா தெரியாம தள்ளி நட்டுட்ட மாதிரி இருக்கும், ஏன்னா வட்டத்துல எல்லாப் பக்கமும் ஒரே தூரம்னு கண்ணு எதிர்பாக்குது. அதனால இடவலமா பாத்தா நடுவுலதான். முன்பின்னா பாத்தா நடுவுலேர்ந்து ஒரு விரக்கடை பின்னால, அப்பதான் முன்னாடி மண்ணு கொஞ்சம் தெரிஞ்சு ஆழம் வரும். தண்டு ஒரு பக்கமா சாஞ்சிருந்தா மட்டும் அடிய எதிர்ப்பக்கமா லேசா நகத்துங்க, வலது பக்கம் சாயுதுன்னா அடி ஒரு பொடி அளவு இடது பக்கம். அடி நடுவுலயே இருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா மரத்தோட மொத்த கனமும் ஒரு பக்கம் போய் நிக்கும். அடி எங்க இருக்குன்னு பாக்காதீங்க, மரம் மொத்தமும் எங்க நிக்குதுன்னு பாருங்க.

இங்க தம்பிகிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சுக்க வேண்டாம். உங்க கல் இச்சி எப்படி இருக்குன்னு நான் பாக்கல. அடி பெருத்து, விழுது விட்டு, சின்ன ஆலமரம் மாதிரி அகலமா விரிஞ்சிருந்தா வட்டத் தொட்டி அதுக்கு சரிப்படாது, யானைக்கு முக்காலி போட்ட மாதிரி இருக்கும், அதுக்கு அகலமான ஆழம் குறைஞ்ச ஓவல்தான். வட்டத் தொட்டி யாருக்குன்னா ஒல்லியான உயரமான மரத்துக்கு, மேல மட்டும் நாலு கிளை வெச்சுக்கிட்டு கீழ வெறும் தண்டா வளைஞ்சு போற மரத்துக்கு. ஜப்பான்ல அத புன்ஜின்னு சொல்வாங்க, அந்தக் காலத்து சீன அறிஞர்கள் தூரிகையில வரைஞ்ச மரங்கள பாத்து வந்த ஸ்டைல். அதுக்கு நன்பான்னு ஒரு வகை வட்டத் தொட்டி, மெருகு போடாம, விளிம்பு கொஞ்சம் கோணல் மாணலா, கரடுமுரடா இருக்கும், அந்தக் கரடுதான் அழகு. நம்ம ஊர் மரத்துல சவுக்கு இதுக்கு அருமையா வரும். அளவுக்கு பொதுவா சொல்ற கணக்கு, வட்டத் தொட்டியோட விட்டம் மர உயரத்துல மூணுல ஒரு பங்கு, 60 செமீ மரத்துக்கு 20 செமீ. இது ஆரம்பிக்கிறதுக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

மத்த வடிவம் சீக்கிரமா. நாலு கால் வட்டத் தொட்டின்னா ரெண்டு கால் முன்னாடி, நடுக்கோட்டுலேர்ந்து சம தூரத்துல. அறுகோணம்னா தட்டையான பக்கம் முன்னாடி, மூலைய முன்னாடி நீட்டினா கத்தி மாதிரி இருக்கும். மத்தளம் மாதிரி மேலயும் கீழயும் குமிழ் வரிசை வெச்ச தொட்டின்னா ஒரு குமிழாவது முன்கால் கோட்டுக்கு நேரா வருதான்னு பாருங்க, நல்ல குயவர் அத கணக்குப் பண்ணித்தான் ஒட்டியிருப்பாரு. படம் வரைஞ்ச தொட்டியில படத்துக்கும் காலுக்கும் சண்டை வந்தா படம்தான் ஜெயிக்கணும்ங்கிறது என் கட்சி, காலு தப்பா நிக்குறதக் கூட மன்னிப்பாங்க, பாதி பறவை தெரியுற படத்த மன்னிக்க மாட்டாங்க.

தொட்டி தப்பா நின்னுட்டா என்ன பண்றது? 10, 15 டிகிரி வித்தியாசம்னா தொட்டியத் திருப்பி வெச்சு ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, பல மரத்துக்கு முன்பக்கம்ங்கிறது ஒரு கோடு இல்ல, கொஞ்சம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தாங்கும், சில நேரம் திருப்பினதுதான் இன்னும் நல்லா இருக்கும். அதுக்கு மேலன்னா அடுத்த தடவ மாத்தி நடுற வரைக்கும் பொறுங்க. காலுக்காக மட்டும் நல்லா வேர் பிடிச்ச மரத்த பிடுங்காதீங்க, அது மூக்குத்தி கோணலா இருக்குன்னு மூக்க அறுத்த கதை.

கண்காட்சியில வைக்கும்போது உயரம்தான் முதல்ல. மரத்தோட பாதி உயரம் பாக்குறவங்க கண்ணுக்கு நேரா வரணும். முழங்கால் உயர பெஞ்சுல வெச்சா மேலேர்ந்து மண்ணும் பாசியும்தான் தெரியும், காலு எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான், இவ்வளவு நேரம் நான் எழுதினதெல்லாம் வீண். ஓமியாவுல, அதாவது 1923 பூகம்பத்துக்கு அப்புறம் டோக்கியோவுலேர்ந்து கிளம்பின தோட்டக்காரங்க 1925ல போய் உண்டாக்கின போன்சாய் கிராமம், அங்க 2010ல திறந்த மியூசியத்துல மரங்கள தூக்கி உயரத்துல வெச்சிருக்குறதே இதுக்காகத்தான். கீழ போடுற பலகை தொட்டிய விட நல்லா அகலமா இருக்கட்டும், மூணு காலச் சுத்தியும் இடம் தெரியணும், காலு பலகை ஓரத்துல போய் உக்காந்தா பாக்குறவங்களுக்கே வயித்தக் கலக்கும். ஒல்லி மரத்துக்கு மெல்லிசு பலகை போதும், உயரமான ஸ்டாண்டு வேண்டாம். ஸ்டாண்டுக்கும் மூணு கால்னா அதோட ஒரு காலையும் தொட்டியோட முன்காலுக்கு நேரா கொண்டுவருவேன், கீழ ஒரு பக்கம் மேல ஒரு பக்கம்னு இருந்தா திருகி வெச்ச மாதிரி இருக்கும். தண்ணிய காலையிலேயே ஊத்தி நல்லா வடிய விட்டு காலு அடிய துணியால துடைச்சுட்டு வைங்க, இல்லன்னா மரப் பலகையில மூணு வெள்ளை வட்டம் விழும், அது லேசுல போகாது. பளபளப்புக்குன்னு தேங்காண்ணெய் தடவுறவங்கள பாத்திருக்கேன், சாயந்திரத்துக்குள்ள அரங்கத்து தூசி பூரா அதுல ஒட்டிக்கும், ஈரத்துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

இப்ப அந்த உடைஞ்ச தொட்டி. கொடுக்காப்புளி ஒண்ணு வெச்சிருந்தேன், வலது பக்கம் முன்னால சாஞ்சு தொட்டி விளிம்புக்குக் கீழ வரைக்கும் தொங்குற கிளை. விதிப்படி ஒரு கால் முன்னாடி, பெருமையா மொட்டைமாடி கைப்பிடிச் சுவர் ஓரம் ஸ்டாண்டுல வெச்சேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு நமக்கு தெரியாதா என்ன, ஆனாலும் வெச்சேன். காலையில பாத்தா தொட்டி நாலு துண்டு, மரம் வேரோட வெயில்ல. ஈரச் சாக்குல சுத்தி பிளாஸ்டிக் பேசின்ல வெச்சு மரம் பொழச்சுது, அத விடுங்க. ஏன் விழுந்துச்சுன்னு யோசிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. கடிகாரம் மாதிரி நினைச்சுக்கோங்க, ஆறு மணி நம்ம பக்கம். ஒரு கால் ஆறுல இருந்தா மத்தது பத்துலயும் ரெண்டுலயும் இருக்கும். என் கிளை தொங்கினது நாலு மணி பக்கம், அதாவது ரெண்டுக்கும் ஆறுக்கும் சரியா நடுவுல. நடுவுலேர்ந்து ஒவ்வொரு காலும் 10 செமீ தூரம்னு வைங்க, காலு இருக்குற பக்கம் கனம் 10 செமீ வரைக்கும் நகந்தாலும் விழாது, ரெண்டு காலுக்கு நடுவுல உள்ள பக்கம் பாதிதான், 5 செமீலயே கவுந்துடும். வெறும் தொட்டி விளிம்புல விரல் வெச்சு அழுத்திப் பாருங்க, காலுக்கு நேர் மேல அழுத்தினா அசையாது, ரெண்டு காலுக்கு நடுவுல அழுத்தினா படக்குன்னு தூக்கும்.

அதுக்கப்புறம் அந்த மாதிரி மரத்துக்கு தொட்டிய அரை வட்டம் திருப்பிடுறேன், ஒத்தக் கால் பின்னால பன்னெண்டுல, மத்த ரெண்டும் நாலுலயும் எட்டுலயும். தொங்குற கிளை நேரா நாலு மணிக் கால் மேல வந்து உக்காந்துக்கும். முன்னாடி ரெண்டு கால் தெரியும்தான், ஆனா கிளை அந்தப் பக்கத்த பாதி மறைச்சிடும், யாருக்கும் உறுத்தாது. உயரமான ஸ்டாண்டுல வைக்கும்போது காலச் சுத்தி மெல்லிசா ஒரு அலுமினியம் கம்பியும் போட்டு ஸ்டாண்டோட கட்டிடுறேன்.

தம்பி, நடுறதுக்கு முன்னாடி மரத்தையும் வெறும் தொட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ போடுங்க, பாத்துட்டு சொல்றேன். குனிஞ்சு தொட்டி உயரத்துக்கு போன வெச்சு எடுங்க, மேலேர்ந்து எடுத்தா கால் தெரியாது.